மங்கிய மீமுக்குள் ஒரு சூத்திரம்

உங்கள் கைப்பேசியில் எப்படியும் ஒரு நேசமணி மீம் இருக்கும். நாலு கை மாறி வந்ததாக ஒன்றைத் தேடித் திறந்து, இரண்டு விரலால் எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பாருங்கள். நேசமணியாக நடித்த வடிவேலுவின் முகத்தை விட்டுவிட்டு, வாசகம் எழுதியிருக்கும் இடத்துக்குப் போங்கள். எழுத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தூசு படிந்தாற்போல் ஏதோ அப்பியிருக்கும். கொஞ்ச தூரம்தான் அந்தத் தூசு. பிறகு அளவுகோல் வைத்து வெட்டிய மாதிரி சட்டென்று நின்றுவிடும். அதற்கு அப்பால் பின்னணி சுத்தமாக இருக்கும். இன்னும் உற்றுப் பார்த்தால் படமே சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது என்று தெரியவரும்.

அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு பிக்சல். (திரையில் ஒரே நிறத்தில் ஒளிரும் மிகச் சிறிய கட்டம்தான் பிக்சல்.) பூனை மீம், அரசியல் மீம், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ என்று எதை எடுத்தாலும், அது ஜேபெக் கோப்பாக இருந்தால் கட்டம் இதே அளவுதான். படம் ‘கெட்டுப்போச்சு’ என்று நாம் சொல்வது உண்மையில் மிக நுட்பமான ஒரு கணக்கின் தடயம். மனிதக் கண் எதைக் கவனிக்கும், எதைக் கோட்டைவிடும் என்பதைப் பொறியாளர்கள் எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த எண்களில்தான் மீம் உலகமே ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சின்னக் கூட்டல் கழித்தல். 1080-க்கு 1080 அளவுள்ள சதுர மீமில் 11,66,400 பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்றால் மொத்தம் 34,99,200 பைட், அதாவது மூன்றரை மெகாபைட். ஆனால் அந்த மீமின் கோப்பு சுமார் 175 கிலோபைட்தான் இருக்கும். இருபதில் பத்தொன்பது பங்கைத் தூக்கி எறிந்த பிறகும் வடிவேலு வடிவேலுவாகவே இருக்கிறார்! 1990-களின் தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பி வழியே விநாடிக்கு 14,400 பிட் அனுப்பும் மோடம் நல்ல வேகமான கருவி. அதில் அந்த மூன்றரை மெகாபைட்டை அனுப்ப 32 நிமிடம் பிடித்திருக்கும். 175 கிலோபைட் என்றால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் இணையத்தில் படம் அனுப்பிச் சிரிக்கும் பழக்கமே தலையெடுத்திருக்காது.

இந்தச் சுருக்கும் முறையை வகுத்தது 1986-இல் கூடிய ஒரு பன்னாட்டு நிபுணர் குழு. குழுவுடைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே கோப்பின் பெயராகிவிட்டன. தரநிலை 1992-இல் வெளியானது. அதற்கு முன்பே, 1991-இல், டாம் லேன் முன்னின்று நடத்திய தன்னார்வக் குழு இதற்கான மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதால்தான் உலாவி, கேமரா, கைப்பேசி என்று எல்லாவற்றுக்குள்ளும் அது புகுந்தது.

சரி, எதைத் தூக்கி எறிகிறார்கள்? முதல் பலி நிறம்.

நம் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடுதான் முக்கியம். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்பதை நாம் வெளிச்சத்தை வைத்தே பிரிக்கிறோம். நிறம் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்தாலும் கண் பொருட்படுத்தாது. இதை முதலில் பெரிய அளவில் காசாக்கியவர்கள் தொலைக்காட்சிப் பொறியாளர்கள். 1953-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்கான தரநிலை வந்தபோது அவர்களுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் அதே ஒளிபரப்பு தெரிந்தாக வேண்டும். அதனால் படத்தை இரண்டாகப் பிரித்தார்கள். வெளிச்சம் தனி, நிறம் தனி. பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், புதிய பெட்டி இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். வெளிச்சத்தைக் கணக்கிட அவர்கள் வைத்த விகிதம்: பச்சைக்கு ஏறத்தாழ 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தபோதும் இதே விகிதம்தான். இன்று நீங்கள் அனுப்பும் மீமிலும் இதேதான், ஓர் எண்கூட மாறவில்லை.

பிரித்த பிறகு, வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நிறத்தை மட்டும் அக்கம்பக்கத்து நாலு பிக்சலுக்குப் பொதுவாக ஒன்று என்று ஆக்கிவிடுகிறார்கள். நாலு பிக்சலுக்கு முன்பு 12 எண்கள் தேவைப்பட்டன. இப்போது நாலு வெளிச்ச எண், இரண்டு நிற எண், ஆக ஆறு போதும். பாதிப் படம் காணாமல் போயிற்று, பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. இதுவே பெரிய சாமர்த்தியம்தான். ஆனால் உண்மையான வித்தை இனிமேல்தான்.

படம் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டப்படுகிறது. நம்முடைய மீமில் அப்படி 18,225 கட்டங்கள். ஒரு கட்டத்தில் 64 வெளிச்ச எண்கள். இந்த 64 எண்களை அப்படியே எழுதிவைக்காமல், வேறு விதமாகச் சொல்லலாம் என்கிறது கணிதம். 64 நிலையான வடிவங்களை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கட்டம் முழுக்க ஒரே வெளிச்சம். இரண்டாவது, இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் மெல்ல இருட்டு. அடுத்ததில் நடுவில் இருட்டு, இருபுறமும் வெளிச்சம். இப்படியே அலைகள் நெருங்கிக்கொண்டே போகும். 64-ஆவது வடிவம் ஏறக்குறைய சதுரங்கப் பலகை: ஒரு பிக்சல் வெளிச்சம், ஒரு பிக்சல் இருட்டு. உலகத்தில் எந்தப் படத்திலிருந்து எந்தக் கட்டத்தை வெட்டி எடுத்தாலும், இந்த 64 வடிவங்களை வெவ்வேறு அளவில் கூட்டி அதை அச்சு அசலாக வரவழைத்துவிடலாம். ஒவ்வொரு வடிவமும் எவ்வளவு வேண்டும் என்ற 64 எண்களே போதும்.

64 கொடுத்து 64 வாங்கினால் என்ன லாபம் என்று தோன்றும். லாபம் இங்கேதான். நிழற்படத்தில் பெரும்பாலான இடம் கன்னம், சுவர், வானம், சட்டைத்துணி. எட்டு பிக்சல் தூரத்துக்குள் அங்கெல்லாம் வெளிச்சம் பெரிதாகத் துள்ளுவதில்லை. ஆகவே முதல் சில வடிவங்களுக்குப் பெரிய எண்கள் வரும், நெருக்கமான அலைகளுக்குரிய எண்கள் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். படத்தின் சாரம் முழுவதும் ஒரு மூலையில் வந்து குவிந்துவிடுகிறது.

இந்தக் குவிப்பு வித்தைக்குத் ‘தனித்த கொசைன் உருமாற்றம்’ என்று பெயர். வரிசையாக நிற்கும் தனித்தனி எண்களைக் கொசைன் அலைகளின் கூட்டாக மாற்றிச் சொல்வது என்று பொருள். பள்ளிக்கூடத்தில் முக்கோணவியல் பாடத்தில் வந்த அதே கொசைன்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது. அங்கே பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர், கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இந்த யோசனையை ஆராய நிதி கேட்டு 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், யோசனை மிகவும் எளிமையாக இருப்பதாகக் குறை சொன்னார் என்று பின்னாளில் அகமது எழுதியிருக்கிறார். பணம் வராவிட்டாலும் அவர் விடவில்லை. 1973-இன் கோடைக்காலத்தை முழுக்க இதிலேயே செலவிட்டார். அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த டி. நடராஜனும், ஆர்லிங்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த நண்பர் கே. ஆர். ராவும் சேர்ந்துகொண்டார்கள். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. ஆய்விதழின் 90-ஆம் பக்கத்தில் தொடங்கி 93-ஆம் பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

இந்தச் சில பக்கங்களை நான் பெரிய அதிசயமாகவே கருதுகிறேன். ஜேபெக் படம் மட்டுமல்ல, டிவிடி, யூடியூப் காணொளி, வீடியோ அழைப்பு எல்லாவற்றின் அடியிலும் இந்தச் சூத்திரமோ அதன் நெருங்கிய சொந்தமோ இருக்கிறது. எம்பி3 பாட்டில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட தம்பி. தினமும் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் ஒன்றைக் கண்டுபிடித்த அகமதுவின் பெயர் பொதுமக்களிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்தது 2022-இல்தான். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று அவர் கதையை ஒரு பகுதியில் சேர்த்துக்கொண்டது. நடராஜனின் பெயரும் ராவின் பெயரும் இன்னும் துறைக்குள்ளேயே நிற்கின்றன. அது எனக்கு வருத்தம்தான்.

அலைகளாகப் பிரிப்பது அகமதுவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஃபூரியர் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிக்கொடுத்த வழி. பிறகு அகமது புதிதாக என்ன செய்தார்? ஃபூரியர் முறை ஒரு துண்டை எடுத்துக்கொண்டால், அந்தத் துண்டே முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவதாகப் பாவிக்கும். கட்டத்தின் இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஒரே குதி. படத்தில் அப்படி ஒரு குதி கிடையாது, கணக்கு தானே உண்டாக்கிக்கொண்டது. அதைச் சமாளிக்க நெருக்கமான அலைகள் ஏராளமாகத் தேவைப்படும். கொசைன் முறை கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்துகிறது. இருட்டிலிருந்து வெளிச்சம், கண்ணாடிக்கு அப்பால் அதே வெளிச்சத்திலிருந்து இருட்டு. குதியே இல்லை, நெருக்கமான அலைகளுக்கு வேலையும் இல்லை. இந்த ஒரு கண்ணாடியால்தான் சாரம் அவ்வளவு இறுக்கமாக ஒரு மூலையில் குவிகிறது.

இதுவரை, வெட்டிய கட்டத்துக்குள் எதுவும் இழக்கப்படவில்லை. இழப்பு அடுத்த படியில் வேண்டுமென்றே செய்யப்படுகிறது. இதற்குச் ‘சொட்டாக்கம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்: எண்ணை ஒரு வகு எண்ணால் வகுத்து, விடையை அருகிலுள்ள முழு எண்ணாக்குவது. சில்லறை இல்லாத மளிகைக் கடைக்காரர் 52 ரூபாய்க் கணக்கை 50 ஆக்குகிறாரே, அந்த மாதிரிதான். ஆனால் இந்தக் கடையில் சரக்குக்குச் சரக்கு ரூபாய்த் தாளின் மதிப்பு மாறும். கண் கூர்ந்து கவனிக்கும் அலைக்குப் பத்து ரூபாய்த் தாள், கண் கவனிக்காத அலைக்கு நூற்றிருபத்தொரு ரூபாய்த் தாள். இந்த 10-ம் 121-ம் ஜேபெக் தரநிலையில் மாதிரியாகக் கொடுத்திருக்கும் வெளிச்ச அட்டவணையின் மிகச் சிறிய, மிகப் பெரிய எண்கள். மனிதர்களுக்குப் படங்களைக் காட்டி, எந்த அளவு சிதைவு வரை அவர்களுக்குத் தெரியாமல் போகிறது என்று பரிசோதித்துப் பெற்ற எண்கள் இவை.

சராசரி வெளிச்சத்தைக் குறிக்கும் முதல் எண் 130 என்று வையுங்கள். அதன் வகு எண் 16. வகுத்தால் 8.125, அது 8 ஆகிறது. திரும்பப் படத்தைக் காட்டும்போது 8-ஐ 16-ஆல் பெருக்கினால் 128. இரண்டுதான் குறைந்தது, யாருக்குத் தெரியும்? நெருக்கமான ஓர் அலைக்கு 37 என்று வந்திருக்கிறது, வகு எண் 121. வகுத்தால் 0.3. அது பூஜ்யம். அந்த அலை இனி இல்லவே இல்லை. படத்தைச் சேமிக்கும்போது ‘தரம் 80’, ‘தரம் 50’ என்று மென்பொருள் கேட்கிறதே, அது இந்த அட்டவணையைத்தான் சுருக்கவும் நீட்டவும் செய்கிறது.

கன்னத்தின் ஒரு கட்டத்தில் 64 எண்களில் பல சமயம் நாலைந்துதான் மிஞ்சும். மற்றதெல்லாம் பூஜ்யம். பூஜ்யங்களை எழுதவும் இடம் வேண்டுமே! அதற்கும் ஒரு தந்திரம். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குக் குறுக்கும் நெடுக்குமாக, வளைந்து வளைந்து எண்களைப் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் உயிருள்ள எண்கள் முதலில் வந்துவிடும், பூஜ்யங்கள் கடைசியில் நீண்ட வரிசையாக நிற்கும். ‘இனி எல்லாம் பூஜ்யம்’ என்ற ஒரே குறியீட்டோடு கதையை முடித்துவிடலாம். மிஞ்சிய எண்களையும் ஹஃப்மன் முறையில் சுருக்குகிறார்கள். அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறியீடு, எப்போதாவது வருவதற்கு நீளக் குறியீடு. 1951-இல் எம்ஐடியில் ராபர்ட் ஃபானோ தன் மாணவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்: இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது ஒரு கட்டுரை தரலாம். கட்டுரைக்குக் கொடுத்த கேள்விக்கு அதுவரை யாரும் முழு விடை கண்டதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் மாதக்கணக்கில் முட்டி மோதி, இனித் தேர்வுக்கே படிக்கலாம் என்று முடிவெடுத்த நேரத்தில் விடை கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு வெளியான அந்த விடை இன்றும் ஒவ்வொரு ஜேபெக் மீமிலும் வேலை செய்கிறது.

இப்போது எழுத்தைச் சுற்றியுள்ள தூசுக்கு வருவோம். கன்னத்துக்கு நாலு அலை போதும். எழுத்துக்குப் போதாது. வெள்ளை எழுத்து சட்டென்று முடிந்து கறுப்பு தொடங்கும் விளிம்பைக் கட்ட, மெல்லிய அலையிலிருந்து மிக நெருக்கமான அலை வரை கிட்டத்தட்ட எல்லாமே தேவை. ஒன்றின் மேட்டை இன்னொன்றின் பள்ளம் சரிக்கட்டி, விளிம்பைத் தவிர மற்ற இடத்தையெல்லாம் சமன் செய்துகொண்டிருக்கின்றன. சொட்டாக்கம் அவற்றில் சிலவற்றைக் கொன்றுவிட்டால், சரிக்கட்ட ஆளில்லாத மேடு பள்ளங்கள் வெளியே தெரியத் தொடங்கும். அதுதான் அந்தச் சாம்பல் தூசு. அலைகள் தங்கள் கட்டத்தைத் தாண்ட முடியாது. எழுத்தின் ஓரம் எந்தக் கட்டத்துக்குள் விழுகிறதோ அந்தக் கட்டம் மட்டும் அழுக்காகும், பக்கத்துக் கட்டம் பளிச்சென்று இருக்கும்.

தமிழ் மீம்களுக்கு இதில் தனிச் சோதனை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தடித்த நேர்கோடுகள். நம் எழுத்துகளில் சுழிகளும் அவற்றுக்குள்ளே சிறிய வெற்றிடங்களும் உண்டு. எழுத்தைச் சிறிதாக்கிவிட்டால் மூன்று சுழி ‘ண’ ஒரே மொத்தையாகிவிடும், இரண்டு சுழி ‘ன’ எது என்று தேட வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி பாவம், இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில் இருந்தால் அது நெருக்கமான அலைகளை நம்பியே உயிர் வாழ்கிறது. அலை போனால் புள்ளியும் போயிற்று, ‘பால்’ ‘பால’ ஆகிவிடும். மீம் போடுகிறவர்கள் தடித்த எழுத்துருவையும் பெரிய அளவையும் தேர்ந்தெடுப்பது அலங்காரத்துக்காக மட்டுமல்ல, பிழைத்துக் கிடக்கவும் அதுவே வழி.

நிறத் தேர்விலும் விஷயம் இருக்கிறது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்துப் போட்டால், சுருக்கியதும் அது கரைந்து வழிந்த மாதிரி ஆகிவிடும். தொலைக்காட்சி விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்: 255 என்ற முழு அளவில், தூய சிவப்பின் வெளிச்சம் 76, தூய நீலத்தின் வெளிச்சம் 29. இடைவெளி வெறும் 47. எழுத்தின் உருவம் பெரும்பாலும் நிறத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நிறமோ நாலு பிக்சலுக்கு ஒன்று என்று ஏற்கெனவே மழுங்கடிக்கப்பட்டுவிட்டது. வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டினால் இடைவெளி 255. உருவம் முழுவதும் வெளிச்சத்தில் இருக்கிறது, நிற இழப்பு அதைத் தொடாது. ஆங்கில மீம்களின் அடையாளமே அந்த வெள்ளை எழுத்தும் கறுப்பு விளிம்பும்தான். இம்பாக்ட் என்ற அந்த எழுத்துருவை ஜெஃப்ரி லீ வடிவமைத்தது 1965-இல், ஈயத்தில் வார்த்து அச்சடிப்பதற்காக. கணினிப் படச் சுருக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு பிறந்த எழுத்து, அந்தச் சுருக்கத்தைத் தாங்கி நிற்பதில் கெட்டிக்காரனாக அமைந்துவிட்டது.

அனுப்ப அனுப்பப் படம் மங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் புகைப்படக்காரரிடம் படம் கேட்கிறவர்கள், “போட்டோவா அனுப்பாதீங்கண்ணே, டாக்குமெண்டா அனுப்புங்க” என்று சொல்வது இதனால்தான். டாக்குமெண்டாகப் போனால் கோப்பு தொடப்படாமல் போகும். ஆனால் இங்கே பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. ஒரே மென்பொருளில், ஒரே தரத்தில், அதே அளவில் ஒரு ஜேபெக் படத்தை நூறு முறை திறந்து திறந்து சேமித்தாலும், முதல் முறைக்குப் பிறகு இழப்பு மிகச் சொற்பம். சில சுற்றுகளில் அதுவும் நின்றுவிடும். காரணம் எளிது. 130 முதல் தடவையிலேயே 128 ஆகிவிட்டது. 128-ஐ 16-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 8. மீதியே இல்லாதபோது எதை விடுவது?

அப்படியானால் மீம் எப்படித் தேய்கிறது? கைபடுவதால். ஒருவர் ஓரத்தில் ஒரு பிக்சலை வெட்டினால் போதும், எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் எல்லாம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். பழைய கட்டத்தின் விளிம்பும் அதன் தூசும் புதிய கட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். கணக்கு அந்தத் தூசையும் படமாகவே எண்ணி, அதைக் கட்ட அலைகளைச் செலவழித்து, அதிலும் கொஞ்சத்தை வெட்டிவிடும். இன்னொருவர் திரைப்பிடிப்பு எடுப்பார், அளவு மாறும். செயலி தன் பங்குக்கு வேறு தரத்தில் சுருக்கும். அடுத்தவர் தன் பக்கத்தின் பெயரை ஓரத்தில் பொறிப்பார். ஒவ்வொரு கையும் கட்டத்தை நகர்த்துகிறது, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு புது இழப்பு.

நேசமணியின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். அவர் இடம்பெற்ற ‘ஃப்ரண்ட்ஸ்’ படம் 2001 பொங்கலுக்கு வந்தது, அப்போது எல்லாம் பிலிம் சுருள். அந்தக் காலத்துப் படங்கள் வீடுகளுக்குள் வந்த ஒரு வழி விசிடி. அதில் ஒரு சட்டகம் 352-க்கு 288 பிக்சல், அதாவது 1,01,376. நம்முடைய சதுர மீமில் பதினொன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதைச் சுருக்கியதும் இதே எட்டுக்கு எட்டு கொசைன்தான். அங்கிருந்து இணையக் காணொளி, அதிலிருந்து திரைப்பிடிப்பு, அதிலிருந்து மீம், பிறகு பகிர்வு. 2019 மே மாதக் கடைசியில் சிவில் பொறியாளர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் சுத்தியல் என்று சொல்லி, ஜமீன் மாளிகையில் பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்றும் சேர்த்துவிட்டார். விவரம் தெரியாதவர்கள் அவர் இப்போது நலமா என்று கேட்க, நேசமணிக்காகப் பிரார்த்திக்கும்படி ஒரு ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்டானது. பதினெட்டு ஆண்டுக்கு முந்தைய காட்சி, எத்தனையோ தடவை வெட்டி ஒட்டிச் சுருக்கியது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து யாரும் தடுமாறவில்லை. ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் மீம் என்ற கருத்தை முன்வைத்தபோது, வெற்றிபெறும் நகலுக்கு நீண்ட ஆயுள், பெருகும் வேகம், நகலின் துல்லியம் மூன்றும் வேண்டும் என்றார். வடிவேலு மூன்றாவதில் ஏராளமாக இழந்தும் முதல் இரண்டில் ஜெயித்திருக்கிறார்.

இந்தத் தேய்மானத்தையே சிலர் அழகாக்கிவிட்டார்கள். ‘டீப் ஃப்ரைடு’ மீம் என்று ஒரு வகை. நிறத்தைக் கொளுத்தி, விளிம்புகளைக் கூராக்கி, மிகக் குறைந்த தரத்தில் திரும்பத் திரும்பச் சேமித்து, எண்ணெயில் பொரித்தெடுத்த மாதிரி ஆக்குவார்கள். அங்கே சிதைவே நகைச்சுவை. கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பொறியாளர்கள் அரும்பாடுபட்டு மறைத்த கட்டங்களை இளைஞர்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எனக்கு அந்த மீம்கள் பெரிதாகப் பிடிப்பதில்லை. ஆனால் ஒரு சூத்திரத்தின் எலும்புக்கூட்டை இவ்வளவு தெளிவாகப் பார்க்க வேறு இடம் கிடையாது.

கடைசியாக, இதே சூத்திரம் செய்யும் இன்னொரு வேலை. ஒரு மீம் எங்கே பிறந்து எங்கெல்லாம் போயிற்று என்று தேட வேண்டும். கோப்புகளை நேரடியாக ஒப்பிட முடியாது, வெட்டியதிலும் சுருக்கியதிலும் ஒவ்வொரு பைட்டும் மாறியிருக்கும். அதற்குக் ‘காட்சிக் கைரேகை’ எடுக்கிறார்கள். கோப்பின் பைட்டுகளைப் பார்க்காமல், படம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதிலிருந்து எடுக்கும் அடையாள எண் இது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 32-க்கு 32 என்று சுருக்கி, மொத்தத்துக்கும் கொசைன் உருமாற்றம் போடுவார்கள். வரும் எண்களில் அகன்ற அலைகளுக்குரிய 64-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் நடு மதிப்புக்கு மேலே என்றால் 1, கீழே என்றால் 0. அவ்வளவுதான், எட்டே பைட். மூன்றரை மெகாபைட் படத்தில் நாலு லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. சுருக்கம் கொல்வது நெருக்கமான அலைகளை. கைரேகை எடுப்பது அகன்ற அலைகளிலிருந்து. ஆகவே படம் எவ்வளவு மங்கினாலும் கைரேகை ஏறத்தாழ அப்படியே நிற்கும்.

2018-இல் சவ்வாஸ் சனெட்டூவும் குழுவினரும் இந்த முறையில் ட்விட்டர், ரெடிட் உள்ளிட்ட நான்கு தளங்களில் பதின்மூன்று மாதங்களில் வந்த 16 கோடிப் படங்களை ஆராய்ந்தார்கள். இரண்டு கைரேகைகளுக்கு இடையே 64 பிட்டில் எட்டு வரை மாறினாலும் ஒரே குடும்பம் என்று சேர்த்தார்கள். வாசகம் மாறினாலும் பெரும்பாலும் குடும்பம் மாறாது, எழுத்தின் நுணுக்கம் நெருக்கமான அலைகளோடு போய்விடுகிறது. நேசமணி ஒரு படத்தில் பெட்ரோல் விலையைப் பற்றிப் புலம்பினாலும் இன்னொன்றில் தேர்வு முடிவைப் பற்றிப் புலம்பினாலும் கணினிக்கு அவர் ஒருவரே.

படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் மட்டும் இந்தக் கைரேகை ஏமாந்துவிடும். அகமதுவின் கொசைன் அலைகளில் ஒன்றுவிட்டு ஒன்று கண்ணாடியில் பார்த்தாலும் மாறாதவை. மற்றவை குறி மாறி, கூட்டல் கழித்தலாகிவிடும். 64 பிட்டில் ஏறத்தாழ பாதி புரண்டுவிடுகிறது. அதற்குப் பரிகாரமும் அதே அலைகளிடம் இருக்கிறது. எந்தெந்த எண்கள் புரளும் என்பது முன்கூட்டியே தெரிவதால், அந்த எண்களின் குறியை மட்டும் மாற்றினால் திருப்பிப் போட்ட படத்தின் கைரேகையும் கையில் வந்துவிடும். படத்தை மறுபடி திறக்கக்கூட வேண்டாம்.